ஆகார் கதையின் மீதி

அக்கா,

இன்று காலை மருமகள் மைசூர்ப் பருப்பு வேகவைத்தாள். பூண்டோடு கொதிக்கிற வாசனை கூடத்துக்கு வந்ததும் உங்கள் குரல் கேட்டது. "ஒரு கிண்ணம் சிவப்புப் பருப்புக் கூழுக்கா மூத்தவன்கிற உரிமையைக் குடுத்தான்? தூ, அவனும் ஒரு மூத்தவனா!" ஏசாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த வேதக்கார அம்மாள் சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. மூத்தவள் என்பது உங்களுக்கு விளையாட்டல்ல.

எனக்குப் பதினாலு, உங்களுக்கு இருபத்தாறு. பத்து வருஷமாகப் பிள்ளையில்லை என்று நீங்களே எங்கள் ஊர் நஞ்சன்கூட்டுக்கு வந்து, என் சடையை இழுத்துப் பார்த்து, உங்கள் புருஷனுக்கு என்னைப் பேசி முடித்தீர்கள். அவர் மைசூர் அரண்மனை லாயத்தில் குதிரைகளுக்குக் கொள்ளும் புல்லும் அளந்துகொடுக்கிற வேலையில் இருந்தார். வீட்டில் பேச்சையும் அப்படித்தான் அளப்பார்.

புதன்கிழமைதோறும் மிஷனிலிருந்து வேதக்கார அம்மாள் வருவார். நம் இருவருக்கும் தையல், கொஞ்சம் எழுத்து, நடுவில் அவர்கள் வேதத்துக் கதை. நான் எழுதுகிற இந்தக் கோணல் எழுத்து அவர் சொல்லிக்கொடுத்ததுதான். எபிரேயர் என்கிற சனம் எப்படி உண்டானது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆபிரகாம் என்ற கிழவர் பெரிய பட்டணத்தையும் அப்பன் கும்பிட்ட சாமிகளையும் விட்டுவிட்டு, கூடாரமும் ஆட்டு மந்தையுமாகக் கிளம்பினாராம். கிளம்பச் சொன்ன கடவுளுக்கு உருவமும் இல்லை, கோயிலும் இல்லை.

"கோயிலில்லாத சாமியை எங்கேன்னு போய்ப் பாக்கிறது?" என்றீர்கள்.

"இவங்க போற இடமெல்லாம் கூடவே வருவார், அம்மா."

"பரவாயில்லையே. எங்க வீட்டுக்காரர் லாயத்துக்குப் போனா வீட்டு நினைப்பே வராது."

நட்சத்திரம் மாதிரி உன் சந்ததி பெருகும் என்று அந்தக் கிழவருக்கு வாக்கு. பெண்சாதி சாராளுக்கோ பிள்ளையில்லை. அவளே தன் எகிப்து வேலைக்காரி ஆகாரைப் புருஷனுக்குக் கொடுத்தாள் என்று அம்மாள் சொன்னபோது உங்கள் ஊசி நின்றது. எனக்கு அப்போது ஆறு மாதம். நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆகார் உண்டானதும் சாராளை இளப்பமாகப் பார்த்தாள். பிற்பாடு சாராளுக்கும் ஒரு பிள்ளை பிறக்க, ஆகாரையும் அவள் பெற்ற மகனையும் துரத்திவிடு என்றாள். கிழவர் கொஞ்சம் அப்பமும் ஒரு தோல்பை தண்ணீரும் கொடுத்து அனுப்பினார். வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்துபோனது.

"சாராள் செஞ்சது பாவம்" என்றேன்.

"மூத்தவளைப் பாத்து இளிச்சா அப்படித்தான்" என்றீர்கள்.

துணியைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். கதை அதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் நான் கூடத்தில் உட்காரவில்லை. காது மட்டும் அங்கே இருந்தது. ஏசாவின் தம்பி யாக்கோபுக்கு நாலு பெண்கள் பெற்ற பன்னிரண்டு பிள்ளைகள், அவர்களால் பன்னிரண்டு குலம், பஞ்சம், கடைசியில் எகிப்தில் அடிமையாகச் செங்கல் அறுத்தது வரை கேட்டேன். "எகிப்துக்காரியைத் துரத்தினாங்க. பேரன் பேத்தி போயி எகிப்துக்காரனுக்கே செங்கல் அறுத்துச்சா? நல்லா வேணும்" என்றீர்கள். அது என் பக்கம் பேசிய பேச்சு. அன்று எனக்கு அது ஏறவில்லை. யாக்கோபின் பெண்சாதி ராகேல் தன் வேலைக்காரி பெறுவது என் மடிப்பிள்ளையாக இருக்கட்டும் என்றாளாமே, அதுதான் முள்ளாகத் தைத்தது. பிரசவம் பார்க்க வந்த என் அம்மா அதை இன்னும் ஆழமாக இறக்கினாள். "பாத்துக்கோடி, பால் உன்னுது, பிள்ளை அவளுது."

பேர் வைக்கிற நாளில், முதல் பிள்ளையை மூத்தவள் மடியில் போடுவது அந்த வீட்டு வழக்கம். மஞ்சளரிசியோடு முந்தானையை விரித்து உட்கார்ந்தீர்கள்.

"ஒரே ஒருதரம் போடு, சின்னி. பேரைக் கூப்பிட்டதும் நீயே எடுத்துக்கோ."

"மாட்டேன்" என்றேன். அத்தனை சனத்துக்கு நடுவில். நீங்கள் மடியை விரித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு அரிசியை உதறிவிட்டு எழுந்தீர்கள்.

அதோடு விட்டேனா? அவள் இருந்தால் நானில்லை என்று அவரிடம் சொன்னேன். மூன்றாம் நாள் வாசலில் ஜட்கா வண்டி நின்றது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உங்கள் தம்பி வீட்டுக்கு. ஒரு டிரங்குப் பெட்டி, வழிக்கு ஒரு செம்புத் தண்ணீர். அன்று புதன்கிழமை என்று யாருக்கும் நினைவில்லை. படியேறி வந்த வேதக்கார அம்மாளைப் பார்த்து, "ஏம்மா, உங்க கதையில வெளியே போனது சின்னவதானே?" என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தீர்கள்.

என் அம்மாவை நான் மன்னிக்கவில்லை. அவள் போன பிறகும் இல்லை. முப்பது வருஷம் சோறு போட்டேன், அவரையும் மன்னிக்கவில்லை. "சும்மா இரு" என்று அன்று ஒரு வார்த்தை என்னை அதட்டியிருக்கலாம்.

என் பிள்ளை ரங்கனுக்கு இருபது வயதானபோது சமஸ்தானத்துக் குதிரைகளோடு தீவனக் குமாஸ்தாவாகக் கடல் தாண்டி வெள்ளைக்காரன் சண்டைக்குப் போனான். "இது ஆபிரகாம் இருந்த நாடாம், அம்மா. எங்கும் மணல். குதிரைக்குப் போக மிச்சத் தண்ணீர்தான் எங்களுக்கு" என்று எழுதினான். பிறகு நாலு மாதம் கடிதமே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் ரயிலேறி ஸ்ரீரங்கப்பட்டணம் வந்து நின்றேன்.

நீங்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். தலை பாதி நரைத்திருந்தது. வா என்று சொல்லவில்லை. "லெட்டர் வரலியா?" என்றீர்கள்.

"தண்ணியில்லாத காட்டுல நிக்கிறான், அக்கா. உங்களை அனுப்பினதுக்கு எனக்கு வந்தது."

"பைத்தியமே. நீ பாதியில எழுந்து போயிட்ட, மீதியைக் கேக்கலை" என்றீர்கள். கல் பொறுக்கிக்கொண்டே சொன்னீர்கள். ஆகார் பிள்ளையை ஒரு செடி நிழலில் போட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்க்கமாட்டேன் என்று தள்ளிப்போய் உட்கார்ந்து அழுதாளாம். கடவுள் அந்தப் பையனின் குரலைக் கேட்டாராம். அவள் கண்ணைத் திறந்தாராம். எதிரே கிணறு.

"அந்தப் பையனும் பெரிய சனமானான். சாராள் பிள்ளை மட்டும் இல்லை. அங்கே கிணறு இருக்குடி, சின்னி. எழுந்து சாப்பிடு."

சாப்பிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. வாசலில் நின்று, "வீட்டுக்கு வாங்க, அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"அவன் வரட்டும். அவன் கையைப் பிடிச்சிட்டு வரேன்."

அவன் வந்தான். அதற்குள் அந்த வருஷத்து விஷக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

அவனுக்கு முதல் பிள்ளை பிறந்து பேர் வைத்த நாளில், இப்போது மூத்தவள் நீதான், மடியை விரி என்று என்னை உட்கார வைத்தார்கள். பெற்றவளைக் கேளுங்கள் என்றேன். மருமகள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச நேரம், அத்தே" என்றாள். கூடமே என் முகத்தைப் பார்த்தது.

"இருக்கட்டும், அவசரமில்லை" என்றேன். முந்தானையில் மஞ்சளரிசி இருந்தது. காத்திருந்தேன், அக்கா. வெறும் மடி எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.