மண்ணுக்குள் கிடக்கும் பயிர்

ஜூலை 4
எங்கள் மண்ணைக் கெடுத்தது அரசாங்கப் பணம். யூரியாவை அதிகம் கொட்டுகிறவனுக்கு அதிக மானியம். கொட்டிக் கொட்டி, வயல் கட்டாந்தரை ஆகிவிட்டது.

இப்போது அதில் ஒரு பங்கை, பசுந்தாள் பயிர் விதைத்து, பூக்கும்போது அதை மண்ணோடு உழுது மண்ணைத் தேற்றுகிறவர்களுக்குத் திருப்பிவிடுகிறார்களாம். அண்ணனை நச்சரித்துச் சணப்பு என்கிற பசுந்தாளை விதைக்க வைத்தேன். “இந்த மானியம் வரலைன்னா திரும்ப யூரியாதான். அப்புறம் நீ வாயே திறக்கக் கூடாது” என்றான். சரி என்றேன்.

ஜூலை 29
நல்ல மழை. சணப்பு இடுப்புக்கு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 16
பூ விட்டாயிற்று. இனியும் விட்டால் தண்டு நாராகிவிடும், மக்காது. மானியத்துக்காகப் பார்வையிட வேண்டிய அதிகாரி வரவில்லை, போனும் எடுக்கவில்லை. அண்ணன் மடக்கி உழுதுவிட்டான். வேறென்ன செய்வது?

ஆகஸ்ட் 24
இன்றைக்கு வந்தார் அதிகாரி. வரப்பை விட்டு இறங்கவில்லை.

“பயிர் எங்கம்மா?”

“மண்ணுக்குள்ள சார்.”

“நான் பார்க்கணுமே.”

“உள்ள போடத்தானே சார் விதைச்சோம்.”

“நிக்கிற பயிரைத்தான் போட்டோ எடுக்கணும். இது தரிசுன்னுதான் எழுதுவேன்.”

தரிசாம்! அண்ணி சொன்னாள்: “சாப்பிட்டு முடிச்ச வீட்டுல நுழைஞ்சு, நீங்க சமைக்கவே இல்லைம்பாரு போல.” அண்ணன் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 2
பக்கத்து வயல் மீசைக்காரர் போட்டோவுக்காகவே சணப்பை நிற்க வைத்தார். முற்றி விறகாகிவிட்டது. அவருக்கு மானியம் வந்துவிட்டது. சணப்பை வெட்டி வரப்பில் எறிந்துவிட்டு, அந்தப் பணத்தில் யூரியா வாங்கி வருகிறார். “கோவிச்சுக்காதே தங்கச்சி. கேட்டதைக் காட்டினேன், கொடுத்தாங்க.” அவரை என்னவென்று திட்டுவது?

செப்டம்பர் 9
கொட்டகையில் யூரியா மூட்டைகள். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அதுதானே பேச்சு. ஆனால் அந்த அதிகாரியிடம் நான் எதற்கும் சரி என்று சொல்லவில்லையே.

வயலில் ஒரு கட்டியைப் பெயர்த்தேன். பொலபொலவென்று உதிர்ந்தது, உள்ளே மக்கிய தண்டு, இரண்டு மண்புழு. அதை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், அதிகாரியின் மேசையில் வைத்தேன்.

“மேசை அழுக்காகுதும்மா.”

“ஆகட்டும் சார். நாளைக்கு அண்ணன் மூட்டையைப் பிரிக்கிறான். அதுக்கு முன்னால வாங்க. ஒரு தடவை வரப்பை விட்டு இறங்குங்க. உங்க கையால தோண்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க, இது தரிசான்னு.”

அவர் வாளியை நகர்த்திவிட்டு, மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.