அக்டோபர் ஐந்தில் முடிந்த மாதம்

ஹமாமட்சு,
பிப்ரவரி 12

மதிப்பிற்குரிய சிகுசா சான் அவர்களுக்கு,

தெருயா வணக்கத்துடன் எழுதுவது. அகிதாவில் கூரைப் பனியை நீங்களே ஏறித் தள்ளுவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ஆள் வையுங்கள். இங்கே பனி இல்லை, காய்ந்த காற்றுதான் முகத்தில் அறைகிறது. மிக்கபி ஆரஞ்சு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கும் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நிறுவனம் உங்களுக்கு அனுப்பிய தாளில் உங்கள் கணவர் ஷிங்கோ சானின் கூடுதல் வேலை செப்டம்பருக்கு எழுபது மணி, அக்டோபருக்கு ஐம்பத்துமூன்று மணி என்று இருப்பதையும், இரண்டும் வரம்புக்குள் என்பதால், அவர் அதிக வேலையால் இறந்தார் என்று தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்த மனுவைத் திரும்பப் பெறப்போவதையும் சொல்லியிருக்கிறீர்கள். ‘வேலை கொல்லலைன்னா, உப்புக் கரிக்கிற எங்க ஊர் மிஸோ சூப்புதான் அவரைக் கொன்னிருக்கும்’ என்ற வரிக்கு மேல் ஒவ்வொரு முறையும் என்னால் போக முடியவில்லை.

சூப் இல்லை, சிகுசா சான். அந்தத் தாளைத் தயாரித்த மென்பொருள் என்னுடையது.

எங்கள் தொழிற்சாலையில் சம்பள மாதம் இருபதாம் தேதி முடியும். கூடுதல் வேலையைக் காட்டும் திரையை நான் அமைத்தபோது, அது நாட்காட்டி மாதத்தின் கடைசி நாள்வரை கூட்டியது. சம்பளக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள். இருபதைத் தாண்டிய தேதியெல்லாம் அடுத்த மாதம் என்று நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். சம்பளத்துக்கு அது சரி. எண்பது மணியைத் தாண்டினால் பெயர் சிவப்பாக வேண்டும், பிரிவுத் தலைவர் அந்த ஆளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த எச்சரிக்கைக்கும் அதே வரியை வைத்தேன். உடம்புக்கு இருபதாம் தேதி தெரியாது என்று எனக்கு உறைக்கவில்லை.

செப்டம்பர் இருபத்தொன்று காலை, எழுபதில் நின்ற அவர் எண் சுழியத்துக்குத் திரும்பியது. என் மேசைக்கு வந்து, ‘தெருயா, உன் மாசம் நேத்தே முடிஞ்சுபோச்சாமே. என் வேலைக்கு மட்டும் யாரும் சொல்லல போல’ என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ‘அப்போ புதுசா ஆரம்பிங்க’ என்று வேறு சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பழைய வரியை அப்படியே விட்டிருந்தால் இருபத்தைந்தாம் தேதியே அவர் பெயர் சிவப்பாகியிருக்கும். அக்டோபர் ஐந்தாம் தேதி அவர் விழுவதற்குப் பத்து நாள் முன்பே.

தொழிலாளர் அலுவலகத்தில் சம்பள மாதத்தைப் பார்ப்பதில்லையாம். விழுந்த நாளிலிருந்து முப்பது நாள் பின்னோக்கி எண்ணுவார்களாம். நானும் எண்ணினேன். செப்டம்பர் ஆறிலிருந்து இருபதுவரை அறுபத்தொரு மணி. அதன் பிறகு அக்டோபர் ஐந்துவரை ஐம்பத்துமூன்று. மொத்தம் நூற்றுப்பதினான்கு. அவர்களுடைய வரம்பு நூறு மணி. நடுவில் நான் போட்ட இருபதாம் தேதிதான் அவர் உழைப்பை இரண்டு துண்டாக்கி மறைத்திருக்கிறது.

பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். ‘ஏம்பா, கூட்டிப் பாரு, ஒரு எண்ணாவது தப்பா இருக்கா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். ‘அப்புறம் என்ன? உனக்கும் குடும்பம் இருக்கு, பாத்துக்க’ என்றார். கெட்ட மனிதர் இல்லை. இறுதிச் சடங்கில் எல்லோரையும்விட அதிகம் அழுதவர் அவர்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லிக் கையெழுத்திடப் போகிறேன். என் மனைவிக்குத் தெரியும். ‘போகாம வந்தீங்கன்னா உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்’ என்றாள்.

நாள்வாரியான மணிக்கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். மனுவைத் திரும்பப் பெறாதீர்கள். கடைசி மாதம் எது என்று அங்கே கேட்டால், அக்டோபர் ஐந்தாம் தேதி முடிந்த மாதம் என்று சொல்லுங்கள். என்னை மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் போனபின் நீங்கள் சூப்பே வைப்பதில்லை என்று அம்மா தொலைபேசியில் சொன்னார்கள். இந்தக் கடிதம் கிடைக்கும் நாளிலாவது, உங்கள் ஊர் மிஸோ விழுதை அவர் விரும்பிக் கேட்ட அளவுக்கே போட்டுக் கரைத்து, சூடாக ஒரு கிண்ணம் குடியுங்கள்.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

தலை குனிந்து,
தெருயா