டயரில் கட்டிவைத்த கணவாய்

அம்மா,

அறந்தாங்கியில் பஸ் மாறிப் புதுக்கோட்டைக்கு வந்துகொண்டிருக்கிறேன். இன்னும் சரியாக விடியவில்லை. என் எழுத்து கோணல் மாணலாக இருந்தால் பாதிதான் என் குற்றம், மீதி ரோட்டின் குற்றம். காலுக்கடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி. சட்டையின் முன்பக்கம் முழுக்கக் கறுப்புத் தெறிப்பு. கணவாய் மை. நேற்று சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வேறு சட்டை இருந்தது. இருந்தும் இதையே போட்டுக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் அந்த வாடை அடிக்கிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

பெட்டிக்குள் ஐஸில் ஒரு கணவாய் இருக்கிறது. நான் பிடித்தது. இதை எழுத எனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது.

நான் பாலிடெக்னிக்கை விட்டது உனக்குத் தெரியாது. அல்லது, நான் உன்னிடம் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று இப்போது தெரிகிறது. இரண்டாம் வருஷம் பாதியில் விட்டேன். யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. என்னால் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். அப்பா போனபிறகு நூறுநாள் வேலைக்கும் ஆட்டுக்கும் நடுவில் ஓடி நீ என்னைப் படிக்கவைத்தாய். பையைத் தூக்கிக்கொண்டு ஜெகதாப்பட்டினம் வந்து ஒரு ஐஸ் கம்பெனியில் சேர்ந்தேன். போனில் உன்னிடம் சொன்னது வேறு. “காலேஜ்லயே அனுப்பியிருக்காங்கம்மா. மெஷின் ட்ரெய்னிங்.” என் ட்ரெய்னிங் என்ன தெரியுமா? ஐஸ் பாரை உடைத்து மண்வெட்டியால் பெட்டியில் அள்ளிப் போடுவது.

படகுகள் கடலுக்குப் போகாத நாளில் வேலை குறைவு. சாயங்காலம் படகு கட்டுகிற ஜெட்டிப் பாலத்தில் பையன்கள் வரிசையாக நின்று கணவாய் பிடிப்பார்கள். இறால் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பொம்மை, அதன் வாலைச் சுற்றி வளைந்த முள், அதில் கட்டிய தங்கூஸ் நரம்பு. பொம்மையைத் தண்ணீருக்குள் விட்டு மெதுவாக இழுக்க வேண்டும். இரை என்று நினைத்துக் கணவாய் வந்து கட்டிக்கொள்ளும். பிறகும் மெதுவாகத்தான் இழுக்க வேண்டும். கணவாய்க்குச் சதை மெத்து. சுண்டினால் பிய்ந்துவிடும்.

எனக்குச் சுண்டத்தான் தெரியும். நம் ஊர்க் கண்மாயில் தக்கை முங்கினால் வெடுக்கென்று சுண்டுவோமே, அந்தக் கை. முதல் தடவை கனம் தெரிந்ததும் சுண்டினேன். மேலே வந்தது முள்ளில் மாட்டிய இரண்டு கால் மட்டும். அது என் கண்ணெதிரே நெளிந்தது. ஜெட்டிப் பாலமே சிரித்தது.

“ஏ கம்மாய்! ஒங்க ஊரு கெண்டைன்னு நெனச்சியாடா? மீதி ஒடம்ப நாளைக்கு பார்சல்ல அனுப்புமா?”

சொன்னது கலந்தர். என்னோடு ஐஸ் அள்ளுகிறவன், அந்த ஊர்க்காரன், என் வயதுதான். அன்றிலிருந்து எனக்குக் கம்மாய் என்றே பெயர். ஒரு மாதம் நின்றேன். ஒன்றுகூட முழுசாக வரவில்லை. ஆனால் உன்னிடம் போனில் என்ன சொன்னேன்?

“கணவாய் புடிக்கப் பழகிட்டேம்மா. சும்மா வந்து வந்து மாட்டுது.”

நீ உடனே கேட்டாய். “மொதப் பலனக் கோயிலுக்குக் குடுத்தியாடா?”

எனக்கு அது நினைவிலேயே இல்லை. நம் ஊரில் கொடியில் காய்த்த முதல் சுரைக்காய், கோழி இட்ட முதல் முட்டை, எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை நம் வேதக்கோயிலுக்குப் போய்விடும். பூசை முடிந்ததும் உபதேசியார் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். “யாரு வீட்டுப் பலன்? எதுல வந்துச்சு?” என்று கேட்பார். கொண்டுவந்தவர் எழுந்து எல்லார் காதிலும் விழும்படிப் பதில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஏலம்.

“இங்கிட்டு ஏதும்மா நம்ம வேதக்கோயில்?” என்றேன்.

“அப்ப நான் வந்து வாங்கிட்டுப் போறேன். நீ இருக்கிற எடத்தயும் பாத்த மாதிரி இருக்கும்.”

வாய் சும்மா இருக்க வேண்டியதுதானே. “சனிக்கிழம வா. ஒன் கண்ணு முன்னாடியே புடிச்சுத் தாரேன்” என்று சொல்லிவிட்டேன்.

கலந்தரிடம் சொன்னபோது அவன் தலையில் அடித்துக்கொண்டான். “ஒங்கிட்ட மாட்டுன கணவாய் எல்லாம் நொண்டியாத்தான் போயிருக்கு. சனிக்கெழமைக்கு எங்க போவ?” பிறகு அவனேதான் வழி சொன்னான். அதற்காக அவனை நான் குறை சொல்ல மாட்டேன். சரி என்றவன் நான்.

கம்பெனி ஐஸில் கிடந்த முந்தின நாள் கணவாய்களைக் கிளறி ஒன்றை எடுத்தேன். “பெருசா வேணாம்டா, அம்மா நம்ப மாட்டாங்க” என்றான் கலந்தர். அதை என் முள்ளில் நானே குத்தினேன். ஜெட்டி ஓரத்தில் படகு உரசாமல் இருக்க லாரி டயர் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த டயரில் நரம்பைக் கட்டிக் கணவாயைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு, உன்னை அழைக்க பஸ் ஸ்டாப்புக்கு ஓடிவந்தேன்.

நீ கோயிலுக்குக் கட்டுகிற நீலச் சேலையில் இறங்கினாய். கட்டைப்பையில் அவித்த கடலை. இன்னொரு கையில் புது எவர்சில்வர் தூக்கு. ஸ்டிக்கர்கூட இன்னும் பிய்க்கவில்லை.

“எதுக்கும்மா தூக்கு?”

“மொதப் பலன பிளாஸ்டிக் பையிலயாடா கொண்டுபோவாக?”

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜெட்டிப் பாலத்தில் உன்னைத் தவிர ஒரு பெண்ணும் இல்லை. நீ அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. கலந்தரின் கை நிறையக் கடலையை அள்ளிக் கொடுத்தாய். “எம்மவன் ஒழுங்கா வேல கத்துக்கிறானாய்யா?” என்று கேட்டாய். அவன் வாயில் கடலையைப் போட்டுக்கொண்டு “ம்ம், ம்ம்” என்றான். நான் டயர்ப் பக்கம் போய்க் குனிந்து முடிச்சை அவிழ்த்தேன். அப்புறம் நடித்தேன் அம்மா. “இருக்கு, இருக்கு, மாட்டிருச்சு!” என்று கத்தினேன். செத்த கணவாய் இழுக்குமா? நான்தான் முன்னும் பின்னும் போய் இழுபடுகிற மாதிரி ஆடினேன். வெள்ளைத் துணி மாதிரி அது மேலே வந்தது.

நீ கைதட்டினாய். “ஆத்தாடி, காலெல்லாம் தலையில மொளச்சிருக்கு! மூஞ்சி எங்கிட்டுடா இருக்கு இதுக்கு?” அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. செருப்பைக் கழற்றினாய். முந்தானையைத் தலையில் போட்டாய். சிலுவை போட்டுக்கொண்டு, பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கினாய்.

“என்னடா இம்புட்டு சில்லுன்னு இருக்கு?”

“கடலுக்குள்ள அப்படித்தாம்மா இருக்கும்.”

தூக்கில் வைத்து மூடினாய். அதோடு முடிந்திருக்கும். ஆனால் கலந்தர் சிரிப்பை அடக்க முடியாமல் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன், சும்மா நிற்க வேண்டாமே என்று தன் நரம்பை விட்டிருந்தான். அதில் நிஜமாகவே மாட்டிக்கொண்டது. கை பழகியவனால் விட முடியவில்லை. மெதுவாக, ஒரே சீராக இழுத்தான். தண்ணீர் மட்டத்திலேயே அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தினான். புஸ், புஸ் என்று இரண்டு தடவை மை துப்பியது. பிறகு தூக்கி சிமெண்டில் போட்டான்.

நீ குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தாய். நானும் அப்போதுதான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். அதன் உடம்பு முழுக்கப் புள்ளிகள் விரிந்தன, சுருங்கின. காவி நிறமாக ஓடி, சிவந்து, ஒரு கணம் பொன் மாதிரி மினுங்கி, மறுபடியும் காவியானது. ஒரு பெரிய கண் உன்னைப் பார்த்தது. கடைசியாக ஒரு சொட்டு மை உன் சேலைக் கரையில் விழுந்தது. நீ அதைத் துடைக்கவில்லை. கணவாய் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, கடைசியில் தூக்குக்குள் இருந்ததைப் போல வெள்ளைத் துணியாகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாய். அப்புறம் தூக்கைத் திறந்து ஒரு தடவை பார்த்தாய்.

“அந்தத் தம்பி புடிச்சது மட்டும் ஏன்டா இப்படி மினுங்குது?”

கலந்தர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் சொன்னேன்:

“அது வேற சாதிக் கணவாய்ம்மா.”

அம்மா, நீ ஆடு வளர்த்தவள். ராத்திரி போட்ட குட்டி பிழைக்குமா போகுமா என்று தொட்டுப் பார்த்தே சொல்கிறவள். உனக்கா உயிருள்ளதும் செத்ததும் தெரியாது? உன் முகத்தைப் பார்த்து எப்படி அதைச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. நீ கத்தியிருந்தால்கூடத் தேவலை. “அப்படியா” என்றாய். மூடியை அழுத்தி மூடினாய். அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாப்பில் கால் மணி நேரம் நின்றோம். கூட்டமே இல்லை. நீ என் சட்டைக் காலரைச் சரிசெய்தாய். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ் திரும்புவது தெரிந்ததும் கேட்டாய்.

“வேற எதுவும் சொல்லணுமா தம்பி?”

ஒரு கேள்விதான். ஏறுவதற்குள் பதில் சொல்ல நேரமும் இருந்தது.

“என்னத்தம்மா சொல்ல? ட்ரெய்னிங் நல்லாப் போகுது.”

நீ கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். “சரி. நேரத்துக்குச் சாப்புடு” என்று ஏறினாய். ஜன்னலோரம் உட்கார்ந்து தூக்கை மடியில் வைத்துக்கொண்டாய். கண்டக்டர் ஏதோ சத்தம் போட்டார், நாற்றத்துக்காக இருக்கும். நீ அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் போய்விட்டது. நான் உன்னைப் பார்த்தது அதுதான் கடைசி.

அதற்கப்புறம் நாற்பது நாள்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆட்டோ கீரனூர் ஆஸ்பத்திரி சேர்வதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள்.

நான் வந்து சேர்ந்தபோது உன்னைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அதே நீலச் சேலை. கரையில் அந்த மைக்கறை இருந்தது. எல்லாரும் உன் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடக்கம் முடிந்த சாயங்காலம், பக்கத்து வீட்டு ஆரோக்கியம் சித்தி டீ கொண்டுவந்து கொடுத்தாள். “ஒன் கணவாய் நல்ல ருசிடா. எங்க அஞ்சு வீட்டுக்கும் குடுத்தா ஒங்கம்மா” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கோயிலுக்குக் குடுக்கலயா சித்தி?”

“நானும் அதத்தான் கேட்டேன். ‘எம்மவன் புடிச்சது, கோயிலுக்கு’ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுல்ல போனா? திரும்பி வந்து, ‘எம்மவன் குடுத்துவிட்டான்’னு கொழம்பு வச்சுக் குடுக்குறா. ஏன்க்கா, ஏலத்துக்கு வைக்கலயான்னேன். ‘மொதப் பலன் இது இல்ல ஆரோக்கியம். அவன் புடிக்கயில அவனே தூக்கிட்டு வருவான்’னுட்டா. எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

எனக்கு விளங்கியது. திரும்பி வந்த பிறகு, பிடித்தான் என்று நீ ஒரு வீட்டில்கூடச் சொல்லவில்லை. கொடுத்துவிட்டான் என்றாய். அதில் பொய் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. என் பொய்யைக் கோயில் வாசல் ஏற விடவும் இல்லை. அந்த டீயைக் குடிக்க முடியாமல் கொல்லையில் ஊற்றினேன்.

திரும்பிப் போய் மறுபடியும் ஜெட்டிப் பாலத்தில் நின்றேன். இந்த முறை யாரும் கம்மாய் என்று கூப்பிடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. என் கைக்குப் பொறுமை என்பதே கிடையாது, உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் கனம் தெரிந்ததும் சுண்டியது. பிய்ந்து வந்த கால்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். கலந்தர்தான் ஒருநாள், “இழுக்கயில வாயில எதையாச்சும் போட்டு மெல்லுடா, அவசரம் அங்கிட்டுப் போகட்டும்” என்று அவித்த கடலை வாங்கி வந்தான். வாங்கி வந்த பிறகுதான் அவனுக்கும் உன் நினைவு வந்தது போல. பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

நேற்று மாட்டியது. மெதுவாக இழுத்தேன் அம்மா. கடைசிவரை மெதுவாகவே இழுத்தேன். “தண்ணியிலயே துப்ப விடுடா!” என்று கலந்தர் கத்தினான். அது மட்டும் மறந்துவிட்டது. நெஞ்சில் முழுசாகத் துப்பிவிட்டது. என் கையில் அது சிவந்தது, மினுங்கியது, புள்ளி புள்ளியாகத் திறந்து மூடியது. யாரும் கைதட்டவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அது வெளுக்கிறவரை பார்த்தேன். ரொம்ப நேரம் ஆகவில்லை.

இப்போதுதான் கண்டக்டர் வந்து போனார். பெட்டியைக் காலால் தட்டி, “என்ன தம்பி நாத்தம்?” என்றார்.

“கணவாய்ண்ணே. நான் புடிச்சது.”

“நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டே வார. படிக்கிறியா?”

“இல்லண்ணே. விட்டுட்டேன். ஐஸ் கம்பெனில வேல பாக்குறேன்.”

“சரி சரி. பெட்டிய சீட்டுக்கு அடியில தள்ளு. தண்ணி ஒழுகாமப் பாத்துக்க.” டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

அவ்வளவுதான் அம்மா. அதைச் சொல்வதற்கு அவ்வளவு நேரம்தான் ஆனது. உன்னிடம் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் இருந்தது.

இன்று பூசை முடிந்து உபதேசியார் இதைத் தூக்கிப் பிடிப்பார். நம் கோயில் ஏலத்தில் இதுவரை கணவாய் வந்ததில்லை, எல்லாரும் சிரிப்பார்கள். யார் வீட்டுப் பலன் என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன். எதில் வந்தது என்று கேட்பார். அதற்கான பதிலை இப்போது கண்டக்டரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். பஸ் பிரேக் போடும்போதெல்லாம் பெட்டி முன்னால் நகர்கிறது, இரண்டு காலாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். உன் தூக்கு வீட்டில்தான் இருக்கும். பெட்டியிலேயே கொண்டுபோய்விடாமல், முதலில் வீட்டுக்குப் போய் அதைக் கழுவி, அதில் வைத்து எடுத்துக்கொண்டு போகிறேன்.