குறட்டின் இடுக்கில்

டாக்டர்,

இன்று காலை செய்தித்தாளை உதறியபோது ஒரு துண்டு நோட்டீஸ் விழுந்தது. அதில் உங்கள் படம். மாலை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, கீழே ‘அய்யா காட்டிய வழியில்’ என்று அச்சடித்திருந்தார்கள். அதற்கும் கீழே, ஒரே நாளில் பல் கட்டித் தரப்படும் என்று சிவப்பு எழுத்து. வாசலில் போய்க் காறித் துப்பிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தேனியில் நம் பல் கிளினிக் இருக்கும் தெருவைப் போல அசிங்கம் பிடித்த தெரு வேறு கிடையாது என்று நீங்களே சொல்வீர்கள். ஒரு பக்கம் மீன் கடை, இன்னொரு பக்கம் மூடியில்லாத சாக்கடை. பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கே போகிறவர்களெல்லாம் நம் மாடிப்படித் திருப்பத்தில் வெற்றிலை எச்சிலைப் பீய்ச்சிவிட்டுப் போவார்கள். தினமும் பினாயில் ஊற்றி நான்தான் கழுவுவேன். எனக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் ஒருநாள் எட்டிப் பார்த்தால், பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நீங்கள் அந்தச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். “தெரு எப்படியும் கிடக்கட்டும் செலின். வாய்ங்கிறது ஒரு ஆளோட வீடு. செருப்புக் காலோட உள்ள போகக் கூடாது” என்றீர்கள்.

கருவிகளை நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவ் ஒருமுறை கெட்டுப்போனது. அன்றைக்கு நீங்கள் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. வீட்டுக்குப் போய் பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். விசில் சத்தம் கேட்டு, வெளியே உட்கார்ந்திருந்த குச்சனூர்க்காரர், “உள்ள என்ன டாக்டரு, இட்டிலியா வேகுது?” என்றார். “ஒங்க பல்லப் பிடுங்குற குறடுய்யா” என்று நான் சொன்னதும், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு, கிளினிக்கை எடுத்து நடத்தக் கேட்டு மூன்று பல் டாக்டர்கள் வந்தார்கள். நீங்கள் இந்த நோட்டீஸ்காரனைத் தேர்ந்தெடுத்தீர்கள். “கை சுத்தமான ஆளு. நீ கூட இருந்து பாத்துக்க” என்று என்னிடம் சொன்னீர்கள். உங்களை நான் மன்னிக்காதது இந்த ஒன்றுக்காகத்தான்.

நீங்கள் போன ஆறு மாதத்தில் கண்ணாடிக் கதவு வந்தது, ஏசி வந்தது, பெரிய டிவி வந்தது. ஆட்டோகிளேவ் மட்டும் பழுதாகி, பழுதாகவே நின்றது. கேட்டேன். “ஸ்பிரிட்டுல தொடச்சாப் போதும்க்கா. இங்கன வர்றவுகளுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?” என்றான். வேலை போய்விடுமே என்று நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று வாரம், டாக்டர். மூன்று வாரம் நான் துடைத்துத் துடைத்து எடுத்துக் கொடுத்தேன்.

அன்று மேகமலை எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண் முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தாள். கொழுந்து பறிக்கிறவள். தாடை பன் மாதிரி வீங்கியிருந்தது. அவளுக்கு முன்னால் புகையிலை அடக்கி அடக்கி ஈறெல்லாம் வெந்துபோன ஒருவருக்குப் பல் எடுத்திருந்தோம். அதே குறட்டை நான் துடைத்துத் தட்டில் வைத்தேன். அவள் கண்ணை மூடி வாயைத் திறந்தாள். அவன் விளக்கைத் தாழ்த்தினான். வெளிச்சத்தில் பார்த்தேன்: குறட்டின் இடுக்கில் அந்த ஆளின் ரத்தம் கறுத்துப் போய், நூல் மாதிரி ஒரு துளி சதையும் ஒட்டிக்கொண்டு. புகையிலை நாற்றம்கூடப் போகவில்லை. அவன் கை நீட்டியபோது தட்டை என் கையால் மூடிவிட்டேன்.

“எந்திரிங்கக்கா” என்றேன் அவளிடம். “இது இன்னொருத்தரு வாய்க்குள்ள இருந்தது. வேக வைக்கல.”

“செலினக்கா, என்ன பேசுறீக?” என்றான் அவன்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏத்தா, அப்ப இம்புட்டு நாளும்?” என்று என்னைத்தான் கேட்டாள்.

நான் அவள் கழுத்துத் துணியை அவிழ்த்துவிட்டேன்.

வெளியே காத்திருந்த எல்லோர் காதிலும் இது விழுந்தது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தார்கள். கீழே மீன் கடைக்காரம்மா, “ஒனக்கெதுக்குத்தா ஊர் வம்பு? பெரிய டாக்டரு இருந்தா இப்பிடிச் சந்தி சிரிக்க விட்டிருப்பாகளா?” என்றாள். மீன் வாடையைவிட அந்தப் பேச்சு நாறியது.

அந்தப் பெண்ணை ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பல் எடுத்து முடிக்கும்வரை அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். பிறகு சுகாதார ஆபீஸில் புகார் எழுதிக் கொடுத்தேன். என் மூன்று வாரத்தையும் மறைக்காமல் எழுதினேன். ஆள் வந்தார்கள், பார்த்தார்கள், எச்சரித்தார்கள். அவன் புது மெஷின் வாங்கி வாசலில் தெரிகிற மாதிரி வைத்துவிட்டான். கூட்டம் முன்னைவிட அதிகம் என்கிறார்கள். நான் சின்னமனூரில் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கிறேன்.

கிளினிக்கை விட்டு வரும்போது டோக்கன் நோட்டை எடுத்துவந்துவிட்டேன். அந்த மூன்று வாரத்தில் அவன் பல் எடுத்தது முப்பத்தொரு பேருக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒவ்வொரு ஊராகப் போய், “ரத்தம் சோதிச்சுப் பாருங்க, நான்தான் அங்கன வேல பாத்தேன்” என்று சொல்லிவருகிறேன். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒருத்தி விளக்குமாற்றைத் தூக்கினாள். அவள் தூக்கியது சரிதான். சோதித்தவர்களுக்கு இதுவரை ஒன்றுமில்லை என்றுதான் வந்திருக்கிறது.

இன்னும் நான்கு பேர் கிடைக்கவில்லை. அவர்களுக்கு மட்டும் நோட்டில் ஊர் இல்லை; வெறும் பெயர், எடுத்தது எந்தப் பல் என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அதனால் பஸ்ஸில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, டாக்டர். கீழ் வரிசையில், வலது பக்கம், கடைசிக்கு முந்தின பல் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன்.