ஈரமா உள்ளே போன கல்லு

பெசன்ட் நகர்
ஞாயித்துக்கிழமை

அன்பு மகள் லிண்டாவுக்கு அம்மா எழுதுறது. மாதா புண்ணியத்துல இங்க எல்லாரும் சுகம், அங்க நீயும் அப்படியே இருக்கணும்னு பூசைக்குப் போறப்பெல்லாம் வேண்டிக்கிறேன். ஜெர்மனியில குளிர் ஆரம்பிச்சிருக்கும், காதை மூடிக்கிட்டு வெளிய போ. போன்ல பேசாம இதென்ன காகிதம்னு நினைப்பே. போன் எடுத்தா உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கிட்டு பக்கத்துலயே உக்காந்துடுறார், நானும் மழைக் கதை, மீன் கதைன்னு ஓட்டிட்டு வச்சிடுறேன். உன் சிநேகிதி ஜுவேரியா அங்க புறப்படுறாளே, அவ கையில இதைக் குடுத்தனுப்பப் போறேன்.

நீ இங்க போட்டிருக்கிற சிமெண்ட் கல்லு ஷெட்டைப் பார்த்துக்கிட்டிருந்த உன் அத்தை பையன் டெரன்ஸை வேலையை விட்டுப் போகச் சொல்லிட்டியாமே. வந்து நின்னான்டி. மாமி, எல்லாம் லிண்டா சொன்ன மாதிரிதான் செஞ்சேன், எங்க தப்பாச்சுன்னே தெரியலைன்னு சொல்லிட்டு, குடுத்த காபியைக் கூடக் குடிக்காம போயிட்டான். அவன் மேல ஒரு தப்பும் இல்லை. மாதா கோயில் நடைபாதைக்குன்னு செஞ்ச கல்லுங்க சோதனையில பொடிஞ்சதுக்குக் காரணம் உங்கப்பா. ஃபாக்டரி புகையில பிடிச்ச கார்பன் வாயுவை, கல்லை அடுக்கி மூடின தொட்டிக்குள்ள விட்டா அது கல்லுக்குள்ள போய்த் தங்கி இறுக்கும், அதுக்குக் கல்லு கொஞ்சம் உலர்ந்திருக்கணும், தண்ணி நிறைஞ்சிருந்தா வாயு உள்ளேயே போகாதுன்னு நீ படிச்சுப் படிச்சுச் சொன்னே. இவர் கேட்டாரா? ஆயுசு முழுக்கக் கட்டட வேலை பார்த்த மனுஷன், சிமெண்டைப் பார்த்தா தண்ணி ஊத்தாம கை சும்மா இருக்காது. டெரன்ஸ் சாயங்காலம் கிளம்பினதும் சும்மா பார்த்துட்டு வர்றேன்னு போய், தொட்டியில ஏத்த வச்சிருந்த கல்லுங்களுக்கு ஹோஸ் பிடிச்சிருக்கார். நல்லா இறுகட்டும்னு நல்ல எண்ணத்துலதான். காலையில மேல காஞ்சு தெரிஞ்சிருக்கு, உள்ளே ஈரம். அந்தப் பையன் அப்படியே ஏத்திட்டான்.

ரிப்போர்ட் வந்த அன்னைக்கே இவருக்குப் புரிஞ்சுபோச்சு. மக முன்னாடி நான் ஒண்ணும் தெரியாதவனா நிக்கணுமான்னு கேட்டார், சொல்லமாட்டேன்னு உன் மேல சத்தியம் வாங்கிட்டார். எனக்கு அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. சொன்னா சத்தியம் உன் தலையில விழுமோன்னு பயம். சொல்லாம இருந்தா, பூசையில ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்ற நேரத்துல டெரன்ஸ் என்னைப் பார்த்துக் கை குவிக்கிறான், என்னால நிமிரவே முடியலை. வீட்டுக்கு வந்தா இவர் முகம். எங்க திரும்பினாலும் இடிக்குதுடி. அதான் எழுதிட்டேன். பலிக்கிறதெல்லாம் என் மேலயே பலிக்கட்டும்னு மாதாகிட்ட சொல்லிட்டேன்.

டெரன்ஸுக்கு உடனே போன் பண்ணு, மறந்துடாதே. அப்பாகிட்ட குரலை உயர்த்தாதே, தாங்கமாட்டார். நெத்தியில சிலுவை போட்டு ஆசீர்வாதம் பண்றேன், நல்லா இரு.

இதை அவருக்குத் தெரியாம அனுப்ப எனக்கு மனசு வரலை. ஒட்டாம மேஜை மேல வைக்கப் போறேன், ஜுவேரியா வர்றதுக்குள்ள அவர் படிக்கட்டும், கிழிச்சாலும் கிழிக்கட்டும். உன் கைக்கு வந்து சேர்ந்துச்சுன்னா, அவரே சொன்னதா எடுத்துக்க.

உன் அம்மா,
ஃப்ளோரன்ஸ் அல்போன்ஸ்