பக்கம் 112-இல் ஒரு திருத்தம்

பிப்ரவரி 3, 2025. திங்கள்.

பல்கலைக்கழக வரலாற்று நூலின் மூன்றாவது இயலை முடித்தேன். 1993-இல் மைசூரில் ஒரு வாடகைக் கல்யாண மண்டபத்தில் இரண்டே துறைகளோடு தொடக்கம். முகூர்த்த நாள்களில் வகுப்பு கிடையாது. இன்று முப்பத்தெட்டுத் துறைகள். நிலம் கொடுத்தவர், அடிக்கல் நாட்டியவர், ரிப்பன் வெட்டியவர் என்று எல்லோருக்கும் பெயர் போட்டிருக்கிறேன். நூலகத்தைப் பற்றி மட்டும் "எழுந்தது" என்று எழுதினேன். தானே எழுந்துகொண்டது போல. எங்கம்மா இரண்டு வருடம் கலவைச் சட்டி சுமந்த கட்டடம் அது.

பதிப்பாசிரியர் உமேஷ் சார் படித்துவிட்டு, நடை நன்றாக இருக்கிறது என்றார்.

பிப்ரவரி 10.

கட்டட வேலை செய்தவர்களையும் நூலில் பதிவு செய்யப்போகிறார்களாம். பக்கத்து மேசை ஸ்ரீதேவியின் யோசனை. ஓய்வுபெற்ற துப்புரவுப் பணியாளர் மாதேவி ஒருவரை அடையாளம் சொல்லியிருக்கிறார். "ஹெப்பாள்ல மகள் வீட்டில் இருக்காங்க மதன். பூவாத்தாள்னு பேரு, தமிழ்க்காரங்க."

நான் ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டுக்கொண்டே இருந்தேன்.

பதிமூன்று வருடமாக இங்கே நான் ஹனூர்ப் பக்கத்து விவசாயி மகன். சொந்த ஊர் மார்டள்ளி என்றால் தமிழன் என்று தெரிந்துவிடும், அதனால் தாலுகாப் பெயரோடு நிறுத்திக்கொள்வேன். இதே வளாகத்தில், தகரக் கொட்டகையில் வளர்ந்தேன் என்று சொன்னதில்லை. பொய் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான் — ரொம்ப வசதியான சமாதானம்.

பிப்ரவரி 11.

அம்மா போன் செய்தாள். குரலில் அத்தனை சந்தோஷம். "உங்க ஆபீசுல கூப்புட்டிருக்காங்க சாமி. நீயும் இருப்பயில்ல?"

"இருப்பேன். நெறைய பேர் இருப்பாங்கம்மா."

"சரி சாமி" என்றாள். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 12.

வந்தாள். என்னைப் பார்த்து, "வணக்கமுங்க சார்" என்றாள்.

அம்மாவுக்குக் கன்னடம் வரும். ஆனாலும் உமேஷ் சார், "தமிழிலேயே பேசட்டும், மனசில் இருப்பது அப்போதுதான் வரும். மதன், நீ எல்லைப் பக்கம்தானே, கன்னடத்தில் சொல்லு" என்று என்னைப் பிடித்துப் போட்டார். பெற்ற தாய்க்கு மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்தேன்.

"கான்கிரீட்டு போடற அன்னிக்கு நடுவுல நிறுத்தப்படாதுங்க. நிறுத்துனா ஒட்டுப்போட்ட மாதர ஆயிரும், ஒழுகும். காலையில ஏறுனா பொழுது சாயத்தான் எறங்குவமுங்க. தெறப்பு விழாவுக்கு முன்னாலயே எங்க கொட்டாயப் பிரிச்சுட்டாங்க. உள்ள போயிப் பார்க்கலீங்க."

எல்லாவற்றையும் வரி தவறாமல் சொன்னேன். கடைசியில் ஸ்ரீதேவி எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒரே பொண்ணுங்க."

அதையும் சொன்னேன். என் குரல்தான் அது. தடுமாறக்கூட இல்லை.

பிப்ரவரி 13.

சாப்பிடவில்லை. அவள் ஏன் அப்படிச் சொன்னாள்? — ஏன் என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

மார்ச் 20.

மெய்ப்பு வந்தது. பக்கம் 112, ஒன்பதாவது வரி: பூவாத்தாளுக்கு ஒரே மகள். அதற்கு முந்தைய வரியில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தது, போட்டேன். பிழையில்லை என்று கையெழுத்திட்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 21.

வெளியீட்டு விழா. அழைப்பு போயும் அம்மா வரவில்லை, முட்டிவலி என்று சொல்லியனுப்பிவிட்டாள். அவளுக்கான பிரதியை ஸ்ரீதேவி என்னிடம் கொடுத்தாள். உனக்கு ஹெப்பாள் வழிதானே, என்றாள்.

ஏப்ரல் 27. ஞாயிறு.

அக்கா வீடு. அம்மா கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டுதான் புத்தகத்தைத் தொட்டாள். "படி சாமி, என்ன எழுதியிருக்குதுன்னு கேக்கலாம்."

கன்னடத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அந்த வரி வந்ததும், "ஒரு மகள், ஒரு மகன்" என்றேன். அக்கா மகள் தமிழ்ப்ரியா — கன்னட மீடியத்தில் பத்தாவது படிக்கிறாள் — என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மாமா, இங்க ஒரே மகள்னுதானே இருக்கு?"

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "அச்சுல தப்பா உழுந்திருக்கும் கண்ணு. உங்க மாமன் சரியாத்தான் படிச்சான்."

பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்தது எப்படி என்றே தெரியவில்லை. ச்சீ, என்ன பொறப்பு இது.

மே 2.

உமேஷ் சாரிடம் போய், 112-இல் பிழை இருக்கிறது, திருத்தச் சீட்டு ஒட்டவேண்டும் என்றேன். அச்சகத்தின் தவறா, நம்முடையதா என்று கேட்டார்.

"என்னுடையது சார். அந்தம்மா எங்கம்மா."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. ஸ்ரீதேவிதான் கேட்டாள்: "பேட்டி எடுத்த அன்னைக்கு அவங்க படியிறங்கத் தடுமாறினாங்க. நான்தானே கையைப் பிடிச்சேன். நீ ஃபைல் பார்த்துட்டிருந்தியே மதன்?"



மே 6.

சீட்டுகள் வந்துவிட்டன. 'ஒரே மகள்' என்பதை 'ஒரு மகள், ஒரு மகன் (மதன், பதிப்புப் பிரிவு)' என்று திருத்தி வாசிக்கவும். நானே உட்கார்ந்து ஒட்டினேன். உதவிக்கு யாரும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஸ்டோரில் இருந்த நானூற்று நாற்பது பிரதிகளும் மாலைக்குள் முடிந்தன.

விழாவன்றே அறுபது பிரதிகள் வெளியே போய்விட்டன. அவற்றில் அம்மாவுக்கு இன்னும் மகன் கிடையாது.