மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டாம்

நெய்வேலி,
14-8-1984

அன்பு மகள் சுப்புலட்சுமிக்கு அப்பா எழுதுவது. மாப்பிள்ளையின் விலா எலும்பு சீக்கிரம் கூட வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொண்டிருக்கிறாள். இங்கே எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை, அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர. போன வாரம் பெய்த மழையில் குவார்ட்டர்ஸ் சமையலறையில் ஒழுகியது, எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை கிடைத்தது. படித்து முடித்ததும் எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய். அதனால்தான் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். கார்ப் பந்தயம் நடப்பதற்கு முன்பு இரண்டு தடவை மாப்பிள்ளை கம்பெனிக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார், முன்சக்கரத்தைத் தாங்கும் கம்பியில் பற்றவைத்த இடம் சரியில்லை, வளைவில் திருப்பும்போது நடுங்குகிறது என்று. மாற்றிவிட்டோம் என்று சொல்லி ஏற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். மூன்றாவது சுற்றில் சக்கரம் கழன்று, கார் வேலியில் மோதி, பாதையோரம் கொடி பிடித்து நின்ற மனிதருக்குக் கால் போய்விட்டது. பார்த்தால் அந்தக் கம்பி மாற்றப்படவே இல்லை. இப்போது களைப்பினால் கவனம் தவறிவிட்டேன் என்று மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அடுத்த வருஷமும் அவர்களுடைய காரில் இடம் உண்டு, இல்லாவிட்டால் இனி எந்தக் கம்பெனியிலும் இடம் இல்லாமல் செய்துவிடுவார்களாம். அவர் மாட்டேன் என்கிறார். நீங்க சொன்னா அவர் கேப்பார் அப்பா, ஒரு வரி எழுதுங்க என்று நீ எனக்கு எழுதுகிறாய். என்ன தைரியம் உனக்கு!

இதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரியும். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் தெய்வசிகாமணியின் மச்சான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பேப்பர் வாங்குகிறவர். அதைத் தெய்வசிகாமணி கொண்டுவந்து டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் விரித்து வைத்துக்கொண்டு, உங்க மருமகன் அசதியில கோட்டை விட்டுட்டாராம், டிரைவர் மேலதான் தப்புன்னு போட்டிருக்கு என்கிறார். கையில் இருந்த டம்ளரை வீசாமல் வந்ததே பெரிய காரியம். அந்தப் பேப்பர்காரன் காருக்குள் உட்கார்ந்து பார்த்தானா? எந்த ஊரில் எந்த வண்டி எங்கே மோதினாலும் டிரைவர் தூங்கினான், டிரைவர் குடித்தான், டிரைவர் அசந்தான். வண்டிக்கு வாய் இல்லை, முதலாளிக்கு ஆயிரம் வாய்.

நீ ஒரு வெள்ளைக்காரப் பந்தயக்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக எழுதியபோது நான் ஆறு மாதம் உனக்குப் பதில் போடவில்லை. வீட்டில் நீ ஒரு டிரைவர் போதாதா என்று உன் பெரியப்பா வேறு குத்திக்காட்டினார். ஆனால் எண்பத்தொன்றில் மாப்பிள்ளை இங்கே வந்து இருந்த பன்னிரண்டு நாளில் எனக்கு அவரைத் தெரிந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டு, பின்னால் ஒரு பேரிங் போய்விட்டது என்று உன்னைக் கண்டக்டரிடம் சொல்லச் சொன்னார். கண்டக்டர் சிரித்தான். மூன்றாம் நாள் அந்த பஸ் மந்தாரக்குப்பத்தில் பழுதாகி நின்றது. பதினேழு வயதில் கார் ஷெட்டில் தரை கூட்டி, யாரோ கழித்துப் போட்ட காரைத் தானே பழுது பார்த்து ஓட்டி, முதல் பந்தயத்தில் கடைசியாக வந்து, ஐந்தாவது வருஷம் முதலாவதாக வந்து, கால் ஒடிந்து நீ நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் படுத்து, இனி ஓட்ட முடியாது என்று டாக்டர்கள் சொன்ன பிறகும் திரும்ப ஏறி, போன வருஷம்தான் பெரிய கம்பெனியின் காருக்கு வந்தவர். பதினான்கு வருஷ உழைப்பு. அந்தக் காதுக்கு நடுக்கம் கேட்டது என்றால் கேட்டதுதான்.

அந்த உழைப்பு வீணாகிவிடக் கூடாது என்றுதானே கையெழுத்துப் போடச் சொல்கிறேன் என்பாய். சுப்பு, இனி எழுதப் போவது உன் அம்மாவுக்கே போன புதன்கிழமை வரைக்கும் தெரியாது. நீ ஏழு வயதுப் பிள்ளையாக இருந்தபோது நான் பண்ருட்டியில் ஒரு மண்டிக்காரரிடம் பலாப்பழ லாரி ஓட்டினேன். காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு மாட்டு வண்டியில் மோதி, வண்டி ஓட்டி வந்த கொளஞ்சிநாதன் என்பவருக்கு ஒரு கால் போனது. அப்பா தூங்கிவிட்டார் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். நான் தூங்கவில்லை. பிரேக் பிடிக்கவில்லை. சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன், இந்த நடை மட்டும் போய்ட்டு வந்துடு என்றார். வந்துவிடலாம் என்று நானும் எடுத்தேன். பிறகு, தூங்கிட்டேன்னு எழுதிக் கொடு, உன்னைக் கைவிட மாட்டேன் என்றார். எழுதிக் கொடுத்தேன். லைசென்ஸ் இரண்டு வருஷத்துக்குப் போயிற்று, அந்த ஆள் பிறகு என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து, பெர்மனென்ட் ஆகி, திரும்ப ஸ்டியரிங்கைத் தொட்டேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு இதையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷமா நீங்க ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் தூங்கிடாதீங்க, தூங்கிடாதீங்கன்னு சொல்லி அனுப்புறேனே, ஒரு நாளாவது வாயைத் திறந்தீங்களா என்று கேட்டாள். அவள் அழுததை நான் எழுத விரும்பவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், அந்த மனுஷன்கிட்ட போய்ச் சொல்லணும், நானும் வர்றேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழங்கால் வலியோடு பஸ் ஏறி வந்தாள். கொளஞ்சிநாதன் இருக்கிறார். முந்திரித் தோப்பு ஓரமாக வீடு, கட்டைக்காலோடு நடமாடுகிறார். என்னை அடையாளம் தெரிந்து, வாய்யா டிரைவரு, உக்காரு என்று பாய் போட்டார். அது எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. நீ தூங்கிட்டன்னு சொன்னாங்க, தூக்கம் யாருக்குத்தான் வர்ல, அவனும் மனுசன்தானேன்னு நான் அன்னிக்கே வுட்டுட்டேன், இந்த வூட்ல யாரும் உன்ன ஒரு வார்த்த திட்டனது கெடையாது, பிரேக்கு இல்லன்னு தெரிஞ்சேவா வண்டிய எடுத்துக்கினு வந்த என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு கேட்டார், அந்த லாரிய அதுக்கப்புறம் யாருய்யா ஓட்டிக்கினு போனாங்க என்று.

சுப்பு, நான் கையெழுத்துப் போட்ட பத்தாவது நாள் அந்த லாரி ரோட்டில் ஓடியதை நானே பார்த்தேன். பிரேக்கைச் சரி செய்தார்களா, யாரை உட்கார வைத்தார்கள், அவன் என்ன ஆனான், ஒன்றும் நான் விசாரித்ததில்லை. டிரைவர் மேல் தப்பு என்று காகிதம் சொல்லிவிட்ட பிறகு லாரியை யார் திறந்து பார்ப்பார்கள்? என் வேலை, என் பிழைப்பு, என் அவமானம் என்று இருந்தேனே தவிர, அடுத்த டிரைவர் ஒருவன் இருப்பான் என்பது இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட என் மண்டையில் ஏறவில்லை. வெட்கமாக இருக்கிறது. என் பேரில் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு முன்னால் உன் பேரில் வந்த கோபம் ஒன்றுமே இல்லை.

ஆகையால் மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டாம். நீ சொல்லித்தான் போட்டார் என்று ஆகவே வேண்டாம். பந்தயம் ஓட்ட முடியாமல் போனால் போகட்டும், அவருக்கு வண்டியின் வாய் தெரியும், எங்கேயும் பிழைப்பார். இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அவருக்குப் பிரெஞ்சில் படித்துக் காட்டு. தெய்வசிகாமணியின் மச்சான் அடுத்த மாதம் அங்கே வருகிறார், அவரிடம் வறுத்த முந்திரியும் அம்மா இடித்த மிளகாய்ப் பொடியும் கொடுத்து அனுப்புகிறோம். கால் போன அந்தக் கொடிக்காரரை ஆஸ்பத்திரியில் போய்ப் பாருங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். நீ வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு வேலைக்கு ஓடாதே.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, தைரியமாக இருங்கள். ஒன்றை மறந்துவிடாதே. மாப்பிள்ளை இறங்கிய அந்தக் கம்பெனியின் காரில் அடுத்து யாரை உட்கார வைக்கப் போகிறார்கள் என்று விசாரித்து, அந்தப் பையன் ஏறுவதற்குள் இரண்டு பேரும் நேரில் போய் அவனிடம் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு எனக்கு எழுது.

உன் அப்பா,
மூ. கருப்பசாமி
(அம்மா பேச்சியம்மாள் பக்கத்தில்தான் இருக்கிறாள். எழுதியதெல்லாம் சரி என்கிறாள்.)